பாகான் டத்தோவில் மழை

அறையில் மூன்று பேர்: கணினியின் முன் யோகேந்திரன், அவன் பின்னால் கோமளா, சோபாவில் முரளி.

திரையின் அடியில் லினக்ஸ் பேனலில் இருந்த ஐகான்களை யோகேந்திரன் பெரிதாக்கினான். "இவ கண்ணாடி போட மாட்டா, முரளி."

"என்னண்ணே, வானிலை விட்ஜெட்ல பாகான் டத்தோ காட்டுது? நாம ஈப்போவுலதானே இருக்கோம்?" என்றான் முரளி.

"அவ அம்மா ஊரு லா. அங்க மழையான்னு தெனம் பாப்பேன்."

"நல்லா பாத்தீங்க," என்றாள் கோமளா. "அஞ்சு வருஷமும் மழை மழைன்னே சொல்லி, ஒரு தடவகூட கூட்டிட்டுப் போகல. " முரளியைக் காட்டினாள். "இவரு கொட்டுற மழையில கூட்டிட்டுப் போனாரு. அதை எடுத்துடுங்க."

"அது மட்டும் இருக்கட்டுமே," என்றான் யோகேந்திரன்.

"வேணாம்."

யோகேந்திரன் விட்ஜெட்டை நீக்கினான். வீட்டுச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றி, கோமளாவின் புதுக் கணவன் முரளியிடம் கொடுத்தான்.

யோகேந்திரன் வாசலைத் தாண்டியதும் கதவு மூடியது. உள்ளே அதே சாவி பூட்டில் திரும்பியது.