உள்ளங்கைச் சாவி

வெறும் மார்போடு தரிசன வரிசையில் நிற்கிறார் ஓய்வுபெற்ற மேஜர் பூவராகவன். தோல் கோவிலுக்குள் வரக்கூடாது என்பதால் கைத்துப்பாக்கியைத் தோலுறையோடு வெளியே அம்பாசடர் காரின் டேஷ்போர்டுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார். வேட்டி மடிப்பை நம்பாமல் சாவியை வலது கைக்குள் இறுக்கியிருக்கிறார். வியர்வையில் அது வழுக்குகிறது. திருவள்ளூரின் தை அமாவாசைக் கூட்டம் முன்னும் பின்னும் நெரிக்கிறது. நேர்த்திக்கடனாகக் குளத்தில் கரைத்த வெல்லத்தின் வாசனை ஈர உடம்புகளோடு உள்ளே வருகிறது. தெருவில் எங்கோ ஒரு கார்க் கதவு அறைந்து சாத்தப்படுகிறது. திடுக்கிட்டுத் திரும்புகிறார். பின்னால் கைகூப்பியபடி அவருடைய டிரைவர் தேசப்பன்.

“வண்டியண்ட யாருடா?”

“அமாவாச சார், ஒரு கும்பிடு போட்டுக்கினு ஓடிடறேன். உள்ள இன்னா கீது, வெறும் வண்டிதானே?”

வரிசையை விட்டு வெளியேற வழியில்லை. மணி அடிக்கிறது. “கையை நீட்டுங்கோ” என்று தீர்த்த வட்டிலோடு எதிரே நிற்கிறார் பட்டர். பழக்கத்தில் மேஜரின் விரல்கள் விரிகின்றன. தீர்த்தம் சாவியின் மேல் விழுந்து வழிகிறது. பட்டரின் உத்தரணி ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறது. காதைத் தெருப்பக்கமே வைத்துக்கொண்டு மேஜர் உறிஞ்சுகிறார். நாக்கில் துளசிக்கு முன்னால் இரும்பு படுகிறது.