மண்டபத்தில் குளிக்க வைப்பார்கள்

லாரி வர இரண்டு மணி நேரம் இருந்தபோது சந்திரகாந்தாவைக் காணவில்லை.

முதலில் காத்தாயி பதறவில்லை. ஆறு வயதுப் பிள்ளை. கூட்டாளிகளிடம் சொல்லிக்கொள்ளப் போயிருக்கும் என்று நினைத்து, கட்டிய மூட்டையை அவிழ்த்து அரிவாள்மணையை உள்ளே திணித்தாள்.

தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் இல்லை. ஏலக்காய் ஸ்டோருக்குப் பின்னாலும் இல்லை.

அதற்குப் பிறகுதான் புருஷனைக் கூப்பிட்டாள்.

லாரி இரத்தோட்டை வழியாக மாத்தளை ஸ்டேஷனுக்குப் போகும். அங்கிருந்து ரயில். தலைமன்னாரில் கப்பல். கப்பலை விட்டு இந்தியாவில் இறங்கினால் மண்டபம் கேம்ப். இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக்கொடுத்த தோட்டத்துக் குடும்பங்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் போயின.

குடியிருந்த லயத்துக் காம்பராவை நேற்றே வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்தாயிற்று. அரிசிக் கூப்பனைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இன்றைக்கு ஏறாவிட்டால் விசா முடிந்துபோகும். பிறகு போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள்.

பிள்ளையை விட்டுவிட்டு ஏறவும் முடியாது.

புருஷன் செல்லச்சாமி தேயிலைக்குள் இறங்கிக் கூப்பிட்டுக்கொண்டே போனான். அவன் குரல் மலையில் பட்டு அவனிடமே திரும்பி வந்தது.

காத்தாயி நேரே நாத்தனார் சுந்தரம்மாவின் வாசலுக்கு ஓடினாள். சுந்தரம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. சந்திரகாந்தாவை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள் என்று போன மாதம் வாய்விட்டுக் கேட்டவள்.

காத்தாயி ஒன்றும் கேட்கவில்லை. அடித்துவிட்டாள்.

சுந்தரம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"ஒளிச்சு வைக்க இதென்ன தொரை பங்களாவா அண்ணி? பத்தடிக் காம்பரா. சட்டிக்குள்ளயும் எட்டிப் பாத்துட்டுப் போங்க."

காத்தாயி சட்டிக்குள்ளும் பார்த்தாள். அதற்குள் சுந்தரம்மா அவளை முந்திக்கொண்டு தேட ஓடியிருந்தாள்.

மிஞ்சியது தோட்டத்து டிஸ்பென்சரிதான்.

டாக்டரம்மா வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். உலக யுத்தம் முடிந்த பிறகு ஜெர்மனிப் பக்கத்திலிருந்து வந்தவர். தோட்டத்துப் பொம்பிளைகளிடமே தமிழ் பேசப் பழகியவர். ஊசி போடும்போது அவர் கை துளிகூட நடுங்காது. அதற்காகவே லயத்துப் பையன்கள் அவருக்கு ஹிட்லரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். காதில் விழுந்தாலும் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

பிள்ளையைப் பார்த்தீர்களா என்று காத்தாயி மூச்சு வாங்கக் கேட்டாள்.

பார்க்கவில்லை என்றார். வழக்கமாக முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர், அன்றைக்குக் காத்தாயியின் காலைப் பார்த்துப் பேசினார்.

காத்தாயி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

போன வாரம் இதே படியில்தான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் கக்குவான் இருமலுக்கு மருந்து வாங்க வந்திருந்தாள். அந்தக் கேம்பில் உங்களை என்ன செய்வார்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

காத்தாயிக்கு என்ன தெரியும்? அவள் அம்மா இந்தியாவிலிருந்து இங்கே வந்தபோது மண்டபத்தில் நடந்ததைத்தான் சொன்னாள். துணியையெல்லாம் கழற்றி வாங்கி ஆவியில் போடுவார்களாம். ஆம்பிளைகள் ஒரு பக்கம், பொம்பிளைகள் ஒரு பக்கமாக நிறுத்தி மொத்தமாகக் குளிக்க வைப்பார்களாம். ஆவியில் போட்ட அம்மாவின் சேலை துண்டு மாதிரி சுருங்கித் திரும்பி வந்ததாம்.

அதைக் கேட்டால் லயத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பிள்ளையின் நெஞ்சில் வைத்த குழாயை எடுக்கவும் மறந்துபோனார். சின்னப் பிள்ளைகளை என்ன செய்வார்கள் என்று மறுபடி கேட்டார்.

அதுகளையும் எங்கேயாவது தனியாகக் கூட்டிப்போய்க் குளிப்பாட்டுவார்கள் என்று காத்தாயி வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தாள்.

கீழே, வளைவில், லாரி ஹாரன் அடித்தது.

காத்தாயி எழுந்து, தொண்டை கிழிய மகளின் பெயரைக் கத்தினாள்.

பதில் வந்தது. குரலாக அல்ல. இருமலாக.

டிஸ்பென்சரிக்குள்ளிருந்து, மூச்சை உள்ளே இழுத்து இழுத்து வரும் அந்தக் கக்குவான் இருமல். இரண்டு தரம் வந்து, யாரோ பொத்தியது போல நின்றது.

டாக்டரம்மாவைத் தள்ளிக்கொண்டு காத்தாயி உள்ளே பாய்ந்தாள். மருந்து அலமாரியின் கீழ்க் கதவைப் பிடித்து இழுத்தாள்.

சந்திரகாந்தா முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மேலே டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டு. மடியில் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட். இரண்டு கையாலும் தன் வாயைத் தானே பொத்தியிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது.

பிள்ளை அம்மாவைப் பார்க்கவில்லை. வெளியே வரலாமா என்று டாக்டரம்மாவைப் பார்த்தது.

காத்தாயி அவளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள். டாக்டரம்மா வாசலை மறித்து இரண்டு கையையும் விரித்து நின்றார்.

ஹாரன் மறுபடி அடித்தது. செல்லச்சாமி கீழேயிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

"வழிய விடுங்கம்மா. லாரி போயிரும். பெத்த பிள்ளைய இப்பிடிப் பிடிச்சு வைக்க நீங்க யாரு?"

டாக்டரம்மா கையை இறக்கவில்லை.

"நான் ஜெர்மன்காரி இல்ல, காத்தாயி. யூதச்சி. எங்களையும் கேம்புக்குன்னுதான் ரயில்ல ஏத்தினாங்க. குளிக்க வைக்கிறோம்னு சொல்லித்தான் எம் மகளக் கூட்டிட்டுப் போனாங்க."