ஒட்ட இடமில்லாத நோட்டீஸ்

என் மகள் தேன்மொழியை ஒரே ஊசியில் கொன்ற கிளினிக்கை மூடச் சொல்லி ஏழு மாதம் கழித்து உத்தரவு வந்தது. போலி டாக்டர் ஒருவரைக்கூட விடமாட்டேன் என்று அமைச்சர் சட்டசபையில் முழங்கிய மறுநாள் அது. சுகாதாரத் துறை அதிகாரி வரதராஜன் நோட்டீசும் பசை வாளியுமாக வந்து, வாசலில் திகைத்து நின்றார். விதிப்படி கதவில்தான் ஒட்டணுமாம். கதவு முழுக்க அமைச்சர்தான். அதே கிளினிக்கை ரிப்பன் வெட்டித் திறந்துவைக்கும் ஆளுயரப் படம்.

"மூஞ்சியிலயே ஒட்டுங்க சார்" என்றேன்.

"என் வேலைக்கு உலை வைக்காதீங்க."

"அப்ப கால்ல ஒட்டுங்க."

"அது இன்னும் மோசம்."

கடைசியில் நோட்டீசை என் கையில் கொடுத்தார். "கதவுக்கு முன்னால பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. போட்டோ எடுத்து மேல அனுப்பணும்." எடுத்தார், அனுப்பினார். "முடிஞ்சுதுங்க, மடிச்சுக் குடுங்க."

உள்ளேயிருந்து நர்ஸ், "டோக்கன் பதினொண்ணு" என்று கூப்பிட்டாள். காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒருத்தி என்னிடம் வந்து, "அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க" என்றாள்.

நான் வாளிக்குள் கைவிட்டுப் பசையை அள்ளிச் சட்டையில் அப்பினேன். நோட்டீசை நெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டு கதவை மறித்து நின்றேன்.

வரதராஜன் பதறிப்போய் போலீசுக்குப் போன் போட்டார். ஐந்தே நிமிடத்தில் வந்துவிட்டார்கள்.