சொல்லிட்டுத் தொடணும்

ஸ்கேட்டிங் மாஸ்டர் டீ-ஷர்ட்டின் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றார். பிடரியில் லேபிள் வேறு ஆடிக்கொண்டிருந்தது. 'சுத்தம்! சட்டை போடத் தெரியாதவரா என் பொண்ணுக்குச் சக்கரம் கட்டிவிடப் போறார்?' என்று அம்மா வாசலிலேயே தயங்கி நின்றாள்.

தயங்க மாட்டாளா பின்னே? மகளுக்கு ஏழு வயசு, வீட்டில் வைத்த பேர் வாலு. யாராவது திடீரென்று தொட்டால் போதும், சுடுதண்ணி பட்ட மாதிரி துள்ளிக் குதிப்பாள். போன இரண்டு வகுப்பிலும் கையைப் பிடித்து இழுத்தார்கள், இவள் கத்தித் தீர்த்தாள், "வேற இடம் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்கேட்டிங் ஆசை மட்டும் அவளை விட்டபாடில்லை. மிச்சமிருப்பது இந்த ஒரு ஹால்தான்.

அம்மா தன் வழக்கமான சொற்பொழிவை ஆரம்பித்தாள். "சார், சொல்லாம தொடக் கூடாது. அவ சரின்னு சொன்னப்புறம்தான். மெல்ல வருடினா கூசும், நல்லா அழுத்திப் பிடிச்சா தாங்கிப்பா. புரியுதா சார்?"

பேசிக்கொண்டே அவள் கிட்டே போகப் போக, மாஸ்டர் சக்கரத்தில் பின்னால் நழுவிக்கொண்டே போனார். கடைசியில் சுவரில் முட்டிக்கொண்டு, "புரியுது மேடம். நல்லாவே புரியுது" என்றார்.

வாலு பெஞ்சில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மாட்டிக்கொண்டிருந்தாள். கால்விரலில் தையல் குத்துமாம். வீட்டில் தினமும் காலையில் இதற்கே ஒரு போர் நடக்கும்.

மாஸ்டர் அவளிடம் கையை நீட்டவில்லை. ஒரு துண்டை முறுக்கி, ஒரு முனையை அவள் பக்கம் எறிந்தார். "நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். போலாமா?"

"போலாம்!"

'துண்டை வெச்சா சொல்லிக்கொடுப்பாங்க? என் பொண்ணைத் தொடக்கூட மனசில்லையா இந்த மனுஷனுக்கு?' அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். கூட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று பையைத் தோளில் மாட்டியே விட்டாள்.

அதற்குள் துண்டு சுருங்க ஆரம்பித்தது. பாதித் துண்டு, கால் துண்டு, கைக்குட்டை அளவு. "இப்ப என் கை மேல உன் கையை வைக்கிறியா? பிடிக்கலேன்னா எடுத்துடு."

வாலு யோசித்தாள். மூக்கைச் சுருக்கினாள். வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"முதுகுல உள்ளங்கையை வைக்கப் போறேன். சரியா?"

"ம்... சரி மாஸ்டர். நல்லா அழுத்தி!"

அவ்வளவுதான். கோணலாய் நின்ற உடம்பு நிமிர்ந்தது, சக்கரம் உருண்டது, வாலு பறந்தாள்! ஒரு சுற்று, இன்னொரு சுற்று, "அம்மா, பாரு, பாரு!" என்று ஹாலே அதிரும்படி கூச்சல்.

அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு, எதை முதலில் அடக்குவதென்று தெரியவில்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தில் ஓடிப்போய், மாஸ்டரின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கினாள். "நீங்க நல்லா இருக்கணும் சார்!"

"ஐயய்யோ!" மாஸ்டர் ஒரு துள்ளு துள்ளினார். சக்கரம் வழுக்கி, ஹாலுக்கு நடுவே பொத்தென்று உட்கார்ந்தார்.

அம்மா அவரைத் தூக்கிவிடக் கையை நீட்டினாள். வாலு சர்ரென்று வந்து நின்று, இடுப்பில் கை வைத்து அம்மாவை முறைத்தாள்.

"என்னம்மா நீ, சொல்லாம தொடலாமா? சட்டையைப் பாரு, மாஸ்டருக்கும் தையல் குத்தும்!"