யார் கையில்

காலையிலிருந்து லாஸ்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. துணை விமானி இருக்கையில் ஐந்நூறு மணி நேரம் பறந்து பழக, வீட்டை அடகு வைத்து விமானக் கம்பெனிக்கே பணம் கட்டியிருந்தாள். இன்று முதல் நாள். பின்னால், கிரீட் தீவில் வெயில் காய்ந்துவிட்டு ரீகாவுக்குத் திரும்பும் நூற்றெண்பது பேர்.

ஓடுபாதை தெரிந்ததும் கேப்டன் கிர்ட்ஸ், "நீயே இறக்கிப் பாரு. உன் கையில," என்றார். விமானத்தை ஓட்டும் பொறுப்பை வாங்குகிறவர் "என் கையில" என்று சொன்ன பிறகுதான் கொடுக்கிறவர் கையை எடுக்க வேண்டும். லாஸ்மா வாயைத் திறப்பதற்குள் ஹெட்போனின் இரைச்சலில் "என் கையில" என்று கேட்டது. கேப்டன் மனம் மாறிவிட்டார் என்று நினைத்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

விமானம் பூப்போல இறங்கியது. பயணிகள் கைதட்டினார்கள்.

"சூப்பர் சார்! எனக்கு எப்ப இப்படி வரும்?"

"என்னம்மா, கிண்டலா? நீதானே இறக்கினே? நான் அப்பவே கையை எடுத்துட்டேனே!"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலிருந்த மடக்கு இருக்கை விரிந்திருந்தது. அதில் யாரும் இல்லை. பெல்ட் மட்டும் பூட்டியிருந்தது.

ஒரு மணி நேரத்தில் அடுத்த பயணம். மேலே ஏறியதும் கேப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உன் கையில," என்றார்.

"என் கையில!" லாஸ்மா முந்திக்கொண்டு கத்தினாள்.

ஹெட்போனின் இரைச்சலில் ஒரு குரல் மனத்தாங்கலோடு சொன்னது:

"நானும் பணம் கட்டினவன்தாங்க."