மூக்குத் தேர்வு

விமானத்துக்குள் புகை நாற்றம் வருகிறது என்று பணியாளர்கள் ஓயாமல் புகார் எழுதியதும், கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது. வருடத்துக்கு ஒருமுறை மூக்குத் தேர்வு. நாற்றம் தெரிந்து முகம் சுளிப்பவர்களுக்கு இனிப் பறக்கும் வேலை கிடையாது.

பதினோரு வருடமாக விமானப் பணிப்பெண்ணாகப் பறக்கும் ஷெர்லினுக்குக் கணவன் ஆல்வின்தான் வீட்டில் பயிற்சி கொடுத்தான். அவள் கண்ணைக் கட்டிவிட்டு, கருவாட்டையும் தன் அழுக்கு சாக்ஸையும் மூக்கருகே நீட்டுவான். விமானத்துக்குள் வரும் என்ஜின் எண்ணெய்ப் புகையும் ஏறக்குறைய அந்த சாக்ஸ் போலத்தான் நாறும்.

"மூஞ்சியச் சுளிச்சா வேலை போயிடும்டி."

"மொதல்ல அதைத் துவைடா!"

தேர்வுக்கு முந்தின மாலை, மூன்று நாள் பறந்துவிட்டுத் தலைவலியும் இருமலுமாக வந்து உட்கார்ந்தாள். கண்ணைக் கட்டினான். குளித்துத் தூங்கி எழுந்த கைக்குழந்தையைத் தூக்கிவந்து, பால்வாசம் வீசும் அதன் உச்சந்தலையை அவள் மூக்கருகே பிடித்தான். அவள் முகம் அசையவில்லை.

"என்னடா, இன்னும் எதையும் கொண்டு வரலையா?"

"அய்யோ, வசனம் வேறயா! நடிப்புன்னா இதுதான்டி. நாளைக்கு நீ பாஸ்!"

ஷெர்லின் கட்டை அவிழ்த்தாள். எதிரே குழந்தை பொக்கைவாயால் சிரித்தது. அதை வாங்கி, அதன் தலையில் முகத்தைப் புதைத்து மூச்சை ஆழமாக இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள்.