திங்கட்கிழமை அறிக்கை

துப்பு சேகரிக்க உளவுத்துறை அதிகாரி அனுப்பிய அவள் கணவன் ஏழு மாதமாகத் திரும்பவில்லை. அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கு அவள் வருவது இது பதினோராவது முறை.

"அப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியவே தெரியாதும்மா," என்றார் அதிகாரி, வழக்கம்போல.

அன்று விடியற்காலையில் கிடைத்த ஒரு தாளை அவள் மேசைமேல் வைத்தாள். திங்கட்கிழமைதோறும் காலையில் வீட்டுக் கதவடியில் இப்படி ஒன்று கிடக்கிறதாம். கணவனின் கையெழுத்து. அவன் அதிகாரிக்கு எழுதித் தந்த அறிக்கைகளின் அதே வரிசை: நேரம், இடம், ஆள், பேச்சு.

'10.40. அதிகாரியின் அறை. சாம்பல் நிறச் சட்டை, மேல் பொத்தான் இல்லை. என்னைத் தெரியவே தெரியாது என்கிறார்.'

அதிகாரியின் கை சட்டைக் கழுத்துக்குப் போனது. சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது.

"கேஸு கீஸெல்லாம் போட மாட்டேன் சார்," அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவரு எங்க நின்னு பாத்து எழுதறாரு? அதை மட்டும் சொல்லுங்க."